கோப்பையும் குழாயும் கூடுமிடம்: ஒரு மூட்டின் வரலாறு

நபித்தோழர் அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியொன்று ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. இயற்கைக் கடன் கழிக்கும்போது கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமரலாகாது என்னும் நபிமொழியை எடுத்துரைத்த அவர்கள், அதனோடு தம் அனுபவம் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஷாம் நாட்டிற்குச் சென்றபோது அங்கே கழிப்பிடங்கள் கிப்லாவை நோக்கியே கட்டப்பட்டிருக்கக் கண்டதாகவும், தாமும் உடன் இருந்தோரும் அவற்றில் உடலைச் சற்றே திருப்பி அமர்ந்து இறைவனிடம் மன்னிப்புக் கோரி வந்ததாகவும் அச்செய்தி கூறுகிறது. இவ்விலக்கு கட்டடத்தினுள்ளும் செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. திறந்த வெளிக்கே அது உரியது, சுவர்களுக்குள் இளக்கம் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் பின்னதும் உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் முன்னதும் வழங்கி வருவதை வாசகர் அறிவர்.

சட்ட நுணுக்கம் அறிஞர்க்கு உரியது. வரலாற்றை வாசிப்பவன் கண்ணுக்கு இச்செய்தியில் வேறொன்று படுகிறது. ஷாமின் கழிப்பிடங்கள் அசையாப் பொருளாய்க் கட்டப்பட்டிருந்தன. கல்லைத் திருப்ப இயலவில்லை. ஆதலின் மனிதர் திரும்பினர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்பும், வெள்ளாற்றங்கரையில் பெரம்பலூர் மாவட்டத்து ஊர் ஒன்றில், என் தாயார் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அதே வகையில் உடலைத் திருப்பி அமர்ந்து வந்தார்கள் என்பதை, கோப்பையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் வளையம் உடைந்த நாளில்தான் நான் அறிந்தேன்.

அவ்வளையத்தைக் குழாய்த் தொழிலாளர் 'பிளாஞ்சு' என்பர். அதன் வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்கவே இக்கட்டுரை.

லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணம் மாடி வீடுகளாக எழுந்த காலத்தில், முழங்கால் வலியுடைய முதியோருக்காக மேலைநாட்டுக் கோப்பையும் வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் அதனை வைத்தவர் சவூதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் இளைய சகோதரர். அங்கு கண்டபடியே பிளாஞ்சும் திருகாணியும் வைத்துப் பொருத்தச் செய்தார். சில ஆண்டுகளில் குளியலறையில் நாற்றம் எழுந்தது. கோப்பையின் அடிவிளிம்பில் ஈரம் கசிந்தது. வந்து பார்த்த கொத்தனார் கோப்பையைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, "சிமெண்டு போட்டுப் பூசிட்டாச் சரியாப் போயிடும் பாய்" என்றார். இருமுறை பூசவும் செய்தார். இருமுறையும் நாற்றம் திரும்பி வந்தது. இப்பகுதியில் சிமெண்டைக் காட்டிலும் எளிதாகக் கிடைக்கும் மருந்து ஏது?

ஒரு கழிப்பிடக் கோப்பையில் இரண்டு அடைப்புகள் உள்ளன. ஒன்று கண்ணுக்குத் தெரிவது. கோப்பையின் வளைந்த கழுத்தில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர், கீழிருந்து எழும் வாயுவைத் தடுக்கிறது. இதனை நீர்ப்பூட்டு எனலாம். லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் என்பார் இவ்வளைந்த குழாயோடு கூடிய கழிப்பிடத்திற்கு 1775-இல் காப்புரிமை பெற்றார். மற்றது கண்ணுக்குத் தெரியாதது. கோப்பையின் வாய் குழாயின் வாயோடு கூடுமிடத்தில் அமையும் மூட்டு அது. நீர்ப்பூட்டைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. மூட்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் மூட்டு விட்டுப்போனால் நீர்ப்பூட்டினால் பயனில்லை. வாயு பூட்டைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வெளியேறிவிடும். நீர் தரையோட்டின் அடியில் இறங்கிவிடும்.

மூட்டின் கதை மிகப் பழையது. மொகஞ்சதாரோவில் சுடுமண் குழாய்கள் ஒன்றனுள் ஒன்று செருகும் வகையில் செய்யப்பட்டிருந்தன. கீழடியில் 2019-இல் நடைபெற்ற ஐந்தாம் கட்ட அகழாய்வில் செந்நிறச் சுடுமண் குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்திய நிலையிலேயே வெளிப்பட்டதைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் அனைத்தும் படத்துடன் வெளியிட்டன. ஒரு முனை அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் இருக்கும் இவ்வமைப்பே இன்றைய பி.வி.சி. குழாயிலும் தொடர்கிறது. வடிவம் மாறவில்லை, இடைவெளியை எதைக் கொண்டு அடைப்பது என்பதுதான் காலந்தோறும் மாறியது.

இஸ்லாமிய நகரங்களின் வரலாற்றில் இவ்விடைவெளிக்குத் தனி இடம் உண்டு. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் எகிப்தில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களால் அமைக்கப்பெற்ற ஃபுஸ்தாத் நகரின் இடிபாடுகளை 1964 முதல் அகழ்ந்த ஜார்ஜ் ஸ்கான்லன், வீடுகளின் அடியில் பாறையைக் குடைந்து அமைத்த கழிவுக் குழிகளையும், அவற்றிற்குச் செல்லும் கால்வாய்களையும் விரிவாக ஆய்ந்து, வீட்டமைப்பும் துப்புரவும் குறித்துத் தனிக் கட்டுரையே எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் பகுதியில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபின் கடமைகளைத் தொகுத்த நூலில், வீட்டுக் கழிவுநீரைக் கோடைக் காலத்தில் தெருவில் ஓடவிடுவோர் அதனை அடைத்துவிட்டுத் தம் வீட்டினுள்ளேயே குழி தோண்டிக்கொள்ள ஆணையிடப்பட வேண்டும் என்கிறார். தெரு பொதுச்சொத்து, அதில் அழுக்கை விடுதல் பிறர் மேல் தீங்கை ஏற்றுவதாகும் என்பது இதன் அடிப்படை.

இத்துறையில் நான் பெரிதும் மதிக்கும் நூலாசிரியர் மற்றொருவர். துனிஸ் நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 734-இல் (கி.பி. 1334) மறைந்த இப்னுர் ராமி, ஒரு கொத்தனார். கட்டட வழக்குகளில் காழிக்குத் துணையாக நேரில் சென்று சுவரையும் சாக்கடையையும் பார்த்து அறிக்கை தந்த தொழில் வல்லுநர். தாம் கண்ட வழக்குகளையும் மாலிகி மத்ஹபின் தீர்ப்புகளையும் இணைத்து 'அல் இஃலான் பி அஹ்காமில் புன்யான்' என்னும் நூலை யாத்தார். பல வீடுகளுக்குப் பொதுவான கழிவுக் கால்வாய் தூர்ந்தால் அதனைத் தூர்வாரும் செலவை எவ்வாறு பங்கிடுவது, ஒருவர் வீட்டுக் குழியின் கசிவு அடுத்தவர் சுவரை நனைத்தால் பொறுப்பு யாருடையது என்பன போன்ற வினாக்களை அவர் பொறுமையோடு ஆராய்கிறார். கைத்தொழில் தெரிந்தவன் சட்டம் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்நூல் சான்று. குழாய் வேலையைக் 'கீழான' பொருளாகக் கருதி எழுத்தறிந்தோர் ஒதுக்கிவிடும் நம் சூழலில், இத்தகைய நூல் ஏன் தமிழில் தோன்றவில்லை என்னும் ஏக்கம் எனக்கு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இச்சிக்கல் புதிய உருவெடுத்தது. ஹென்றி டவுல்டன் 1846-இல் லண்டனின் லாம்பெத் பகுதியில் உப்பு மெருகிட்ட மண்குழாய்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். வீடுகளினுள் வார்ப்பிரும்புக் குழாய்கள் நின்றன. இரும்பின் மூட்டில் முதலில் தாரில் ஊறிய நாரைத் திணித்து, பின்னர் உருக்கிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் உளியால் தட்டி இறுக்குவர். மண்குழாயின் மூட்டில் களிமண்ணோ சிமெண்டோ பூசுவர். நல்ல வேலையாள் செய்தால் நெடுநாள் நின்றது. கூலிக்கு மாரடித்தால் அன்றே கசிந்தது. லீட்ஸ் நகரத்து அறுவை மருத்துவர் பிரிட்ஜின் டீல் என்பார், தம் நோயாளிகளின் காய்ச்சலுக்கும் வீட்டுக் குழாய்களின் குறைபாட்டிற்கும் உள்ள தொடர்பைக் கண்டு, 1870-களின் இறுதியில் படங்கள் நிறைந்த ஒரு நூலை வெளியிட்டார். மூட்டு இல்லாமலே மண்ணில் முடிந்த குழாய், தலைகீழாகச் செருகிய குழாய், தரையின் அடியில் கசிந்து குளமாகி நிற்கும் கழிவு என அப்படங்கள் இன்றும் நெஞ்சை உறுத்துவன. காய்ச்சல் நாற்றத்தினால் வருகிறது என்னும் அக்காலக் கொள்கை பிழை. ஆனால் அப்பிழை கசியும் மூட்டுகளைத் தேடிச் செல்ல வைத்தது. புதினா எண்ணெயைக் கொதிநீரில் கலந்து மேல்மாடிக் குழாயில் ஊற்றிவிட்டு, கீழறைகளில் அதன் மணம் வருகிறதா என முகர்ந்து பார்த்தல் அக்காலத் துப்புரவு ஆய்வாளரின் வழக்கம்.

பிளாஞ்சு என்னும் உறுப்பு பெரிதும் வளர்ந்தது அமெரிக்காவில். அங்கு வீடுகளின் தரை மரப்பலகை. கனத்த பீங்கான் கோப்பையை மரத்தரையில் நிறுத்துவதற்கும், அதன் வாயைக் குழாயோடு இறுக்குவதற்கும் ஒரே உறுப்பு தேவைப்பட்டது. குழாயின் வாயில் அகன்ற தட்டு விளிம்பு. அவ்விளிம்பு தரையோடு திருகப்படும். அதிலிருந்து மேலெழும் இரண்டு திருகாணிகள் கோப்பையின் அடித்துளைகளில் நுழைந்து மரையால் இறுகும். இடையே மெழுகாலான ஒரு வளையம் நசுங்கி இடைவெளியை நிரப்பும். முதலில் பித்தளையிலும் வார்ப்பிரும்பிலும் செய்யப்பட்ட இத்தட்டு பின்னர் பிளாஸ்டிக்கில் வந்தது. இதன் சிறப்பு ஒன்றுதான்: இரண்டு மரைகளைக் கழற்றினால் கோப்பை மேலே வந்துவிடும். உடைக்க வேண்டியதில்லை. இது திறப்பதற்கென்றே செய்யப்பட்ட மூட்டு.

நம் நாட்டில் தரை கான்கிரீட். குந்தி அமரும் கோப்பையைத் தரையினுள் புதைத்துச் சுற்றிலும் சுண்ணாம்போ சிமெண்டோ இட்டு நிரப்புவதே மரபு. மேலைநாட்டுக் கோப்பை வந்த பின்னரும் கொத்தனாரின் கை அம்மரபையே பின்பற்றியது. வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து அடியில் வைத்துக் கோப்பையை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. பிளாஞ்சு எதற்கு?

இங்கு அரியலூரைப் பற்றிச் சிறிது கூறாமல் இருக்க இயலாது. இன்று கரிசல் மண்ணும் முந்திரிக் காடுமாகக் கிடக்கும் இந்நிலம் கிரெட்டேசியக் காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. எச்.எஃப்.பிளான்ஃபோர்டு 1860-களின் தொடக்கத்தில் இப்பாறைகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கைக்குப் பின், உலகின் நிலவியலாளர்க்கு 'அரியலூர்' என்பது ஒரு பாறைத்தொகுதியின் பெயராயிற்று. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பெருமரமும் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகமும் அக்கடலின் எச்சங்களைக் காட்டுவன. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளே சுண்ணாம்புக் கல்லாயின. அருகிலுள்ள கல்லக்குடியில் 1939-இல் டால்மியா ஆலை தொடங்கிற்று; ஊர்ப்பெயர் டால்மியாபுரம் ஆனதும், அதனை எதிர்த்து 1953-இல் தி.மு.க. நடத்திய போராட்டமும் தமிழக அரசியல் வரலாற்றில் அழியா இடம் பெற்றன. அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் நிறுவனம் 1979-இல் அரியலூரில் ஆலை அமைத்தது. ஆலத்தியூரில் 1997-இல் மற்றுமோர் ஆலை எழுந்தது, பிறவும் தொடர்ந்தன. (திருச்சியிலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்ததும், 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002-இல் மீண்டும் ஒட்டி, 2007-இல் மறுபடியும் பிரிந்ததும் நாம் அறிந்ததே. இவ்விரு மாவட்டங்களின் மூட்டும் கழற்றி மாட்டத்தக்கதாகவே இருந்திருக்கிறது.)

ஆக, இப்பகுதி மனிதருக்குச் சிமெண்டு என்பது மண்ணைப் போல் இயல்பான பொருள். சுவர் வெடித்தால் சிமெண்டு, தொட்டி கசிந்தால் சிமெண்டு, கோப்பை ஆடினாலும் சிமெண்டு. பி.வி.சி. குழாயின் மூட்டில் மட்டும் அது ஏன் நிற்பதில்லை?

பி.வி.சி.யின் பிறப்பையும் சுருக்கமாகக் கூறவேண்டும். ஜெர்மானிய வேதியியலார் ஒய்கன் பவுமன் 1872-இல் இவ்வெண்பொருளைக் கண்டார், பயன் அறிந்தாரில்லை. 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் இதனை வளைந்து கொடுக்கும் பொருளாக்கினார். 1930-களில் ஜெர்மனியில் குழாயாக வார்த்தனர். தமிழகத்தில் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலை 1967-இல் பி.வி.சி. செய்யத் தொடங்கியது. அதற்குரிய ஒரு மூலப்பொருள் உப்பிலிருந்து பிரியும் குளோரின். மற்றொன்று அந்நாளில் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயம். கரும்பும் உப்பும் கூடிக் குழாயான விந்தையை எண்ணிப் பார்க்கலாம். கழிவுநீருக்கான பி.வி.சி. குழாய்களுக்கென 1992-இல் ஐ.எஸ். 13592 என்னும் இந்தியத் தரம் வகுக்கப்பட்டது. அதில் 'ஏ' வகை மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும் உரியது. 'பி' வகை மலக்கழிவிற்கு உரியது, சுவர் தடித்தது. 110 மி.மீ. குழாயில் முன்னதன் தடிமன் 2.2 மி.மீ. அளவிலும் பின்னதன் தடிமன் 3.2 மி.மீ. அளவிலும் தொடங்கும். கடைக்காரரிடம் வகையைக் கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்? விலையைக் குறைக்க, குழாயிலும் உறுப்புகளிலும் சுண்ணாம்புக்கல் மாவை அளவுக்கு மீறிக் கலப்பதும் உண்டு. அத்தகையவை விறைப்பாகத் தோன்றினும் அடி தாங்காமல் நொறுங்கும். எங்கள் வீட்டுப் பிளாஞ்சின் உடைந்த முனை சாக்பீசைப் போல் வெளிறிப் பொடிந்திருந்தது.

சிமெண்டு பி.வி.சி.யோடு ஒட்டாததற்குக் காரணங்கள் மூன்று. குழாயின் வழவழப்பான பரப்பில் கலவைக்குப் பிடிமானம் இல்லை. அனுபவமுள்ள கொத்தனார்கள் குழாயின் மேல் சொல்யூஷன் பூசி, அது காயுமுன் மணலைத் தூவிச் சொரசொரப்பாக்கிய பின்பே கலவையில் பதிப்பர். அடுத்து, வெப்பத்தால் விரியும் அளவு இரண்டிற்கும் வேறு. மூன்று மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாய் 30 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறத்தாழ 6 மி.மீ. நீளும், அதே நீளக் கான்கிரீட்டோ 1 மி.மீ. அளவே நீளும். சித்திரை வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் இடையே மூட்டில் மயிரிழை வெடிப்பு விழாமல் எவ்வாறு இருக்கும்? மூன்றாவது காரணம் இன்னும் நுட்பமானது. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை ஈரச் சுவரில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக்கி, அதனால் சிமெண்டு அரிக்கப்படுவதை ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரக் கழிவுக் கால்வாய்களை ஆராய்ந்த சி.டி.பார்க்கர் 1945-இல் நிறுவினார். பிளாஸ்டிக்கை அவ்வமிலம் தீண்டுவதில்லை, சிமெண்டை உண்டுவிடுகிறது. நாம் மருந்தென்று பூசுவதையே நோய் தின்னுகிறது.

இவை வெறும் நாற்றத்தைப் பற்றிய செய்திகள் என எண்ணுவோர்க்கு 2003-ஆம் ஆண்டை நினைவூட்டலாம். ஹாங்காங்கில் ஆமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. 42 பேர் இறந்தனர். ஆராய்ந்தபோது, குளியலறைத் தரைகளில் இருந்த நீர்ப்பூட்டுகள் வறண்டு போயிருந்ததும், காற்றோட்ட விசிறிகள் கழிவுக் குழாயின் காற்றை அறைகளுக்குள் இழுத்ததும் பரவலுக்கு வழி கோலின என உலக நலவாழ்வு நிறுவனம் கருதியது. டீலின் காலத்துக் கொள்கை பிழையாயினும் அவர் காட்டிய இடம் பிழையன்று.

மூட்டைப் பற்றி நான் கவலைகொள்ளும் காரணம் இதனினும் பெரிது. மலத்தைக் கையால் தொடுபவர் யார் என்னும் வினாவை மூட்டுதான் தீர்மானிக்கிறது. நீர்ப்பூட்டு இல்லாத உலர் கழிப்பிடங்களில் மனிதர் கையால் அள்ளினர். அவ்வேலைக்கு ஆளமர்த்துவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்துத் தடுத்தது. தொட்டியில் இறங்கி மாண்டோரின் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்கிறதெனில் இறப்பு நிற்கவில்லை என்பதே பொருள். பெரம்பலூர், அரியலூர் நகரங்களில் பாதாளச் சாக்கடை உண்டு, சிற்றூர்களில் தொட்டிதான். 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸீட்டர் நகரில் டொனால்டு கேமரூன் அமைத்த அழுகல் தொட்டியின் வழித்தோன்றல்களே இவை. மூடி பெயர்க்க முடியாமல் சிமெண்டால் பூசப்பட்ட தொட்டியையும், உடைத்தாலன்றிக் கழலாத கோப்பையையும் நம் வீடுகளில் கட்டிவிட்டு, அடைப்பு ஏற்பட்டதும் எங்கிருந்தோ ஓர் ஏழையை அழைத்து வருகிறோம். அவர் உடைக்கிறார், உடைந்த பீங்கான் கையைக் கிழிக்கிறது, கழிவு மேலே தெறிக்கிறது. இரண்டு மரைகளைக் கழற்றி முடித்திருக்கக்கூடிய வேலை அது.

எங்கள் வீட்டு வேலைக்கு இறுதியில் வந்தவர், குவைத்தில் பதினைந்து ஆண்டு குழாய் வேலை செய்து ஊர் திரும்பிய முதியவர். சன்னல்களைத் திறக்கச் சொன்னார். பீடி பற்றவைக்க எண்ணிய உதவியாளை வெளியே அனுப்பினார். கழிவு வாயுவில் தீப்பற்றக் கூடியதும் உண்டன்றோ? தண்ணீரை நிறுத்தி, தொட்டியையும் கோப்பையையும் குவளையாலும் துணியாலும் வற்றச் செய்தார். கொத்தனார் பூசியிருந்த சிமெண்டைச் சிற்றுளியால் பொறுமையாகச் சுரண்டி எடுக்கவே முற்பகல் கழிந்தது. கோப்பையைத் தூக்கிக் கோணியின் மேல் சாய்த்தவுடன் குழாயின் வாயில் பழந்துணியைத் திணித்தார். வாயுவைத் தடுக்கவும், கருவிகள் உள்ளே விழாதிருக்கவும் அது உதவும். பிளாஞ்சின் விளிம்பு திருகாணித் துளையருகே பிளந்து இரண்டாகியிருந்தது.

அதன் கழுத்து குழாயின் உட்புறம் சொல்யூஷனால் ஒட்டப்பட்டிருந்தது. சொல்யூஷன் என்பது பசையன்று. இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கும் திரவம். ஆதலால் ஒட்டியதைப் பிரிக்க இயலாது, வெட்டத்தான் வேண்டும். ஹாக்ஸா பிளேடை மட்டும் துணி சுற்றிக் கையில் பிடித்து, உட்கழுத்தில் மேலிருந்து கீழாக நான்கு இடங்களில் கீறினார். வெளிக்குழாயைப் பிளேடு தொடாதவாறு அளவறிந்து நிறுத்துவதே இதில் கலை. பின்னர்ச் சிற்றுளியை இடையில் செருகி உட்புறமாக நெம்ப, துண்டு துண்டாகக் கழன்று வந்தது. குழாயின் உட்பரப்பைச் சுரண்டித் துடைத்து உலர விட்டார்.

புதிய பிளாஞ்சை ஒட்டாமலே வைத்துப் பார்த்தபோதுதான் என்னிடம், "கோப்பை எந்தப் பக்கம் பார்க்கணும் பாய்?" என்றார். ஒட்டிய பின் திருகாணியின் இடம் மாறாது. ஆகையால் இப்போதே சொல்லவேண்டும் என்பது அவர் கருத்து. பழைய கோப்பை மேற்கு நோக்கி இருந்தது. நம் பகுதிக்குக் கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்காக அமையும். கதவருகே நின்றிருந்த தாயார் அப்போதுதான் வாய் திறந்தார்கள். முழங்கால் வலியோடு ஒரு புறமாக ஒருக்களித்தே இத்தனை ஆண்டும் உட்கார்ந்து வந்ததாகவும், கட்டியதை உடைக்கச் சொல்ல மனம் வரவில்லை என்றும் கூறினார்கள். வீட்டில் மார்க்க நூல்களை அடுக்கி வைத்து எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இது தெரியாமல் போயிற்று.

நல்லவேளையாகக் குழாயின் வாய் மூலையை ஒட்டி, இரு சுவர்களுக்கும் ஏறத்தாழ ஓரடித் தொலைவில் இருந்தது. தெற்கு நோக்கி அமையுமாறு திருகாணித் துளைகளுக்குக் குறியிட்டார். இரு பரப்பிலும் சொல்யூஷன் தடவி, கால் சுற்றுத் திருகிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். தட்டின் அடிப்பகுதி தரையோட்டின் மேல் படிந்திருந்தது. தரைக்குக் கீழே இறங்கிவிட்டால் வளையம் நசுங்காது என்றார். கான்கிரீட்டில் துளையிட்டுத் தட்டைத் துருப்பிடிக்காத திருகுகளால் இறுக்கினார். மெழுகு வளையம் நம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ரப்பர் வளையம் வைத்தார். நம் பகுதியில் தாளைவிட நீரே மிகுதியாகப் பயன்படுவதால் மூட்டில் ஓயாமல் ஈரம் பாயும். அதற்கு ரப்பரே ஏற்றது என்பது அவர் அனுபவம். கோப்பையை ஆட்டாமல் நேராக இறக்கி, இரு மரைகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கினார். ஒரே பக்கம் வலுவாக முடுக்கினால் பீங்கான் வெடித்துவிடும். முன்பு பிளாஞ்சு பிளந்ததும் அவ்வகையில்தான் என்பது அவர் ஊகம். தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் சற்று நீளமான இணைப்பு வாங்க நேர்ந்தது.

அடியைச் சுற்றி வெள்ளைச் சிமெண்டு பூச வேண்டுமா எனக் கேட்டேன். முன்னும் பக்கங்களிலும் மெல்லிய கோடாகச் சிலிக்கோன் இழுத்தார். பின்புறம் இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டார். மூட்டு மறுபடி கசிந்தால் அவ்வழியே நீர் வெளிவந்து தெரியட்டும் என்பதற்காக. பழைய நூலில் படித்தது நினைவுக்கு வர, கடைத்தெருவில் புதினா எண்ணெய்ச் சிறுகுப்பி ஒன்று வாங்கி வரச் செய்து, சுடுநீரில் கலந்து மாடியிலிருந்த குழாயில் ஊற்றிவிட்டுக் கீழே வந்து முகர்ந்து பார்த்தோம். முதியவர் சிரித்தார்; குவைத்தில் புகைவிட்டுப் பார்ப்பார்களாம். மணம் ஏதும் வரவில்லை. அவர் கை கழுவிக்கொண்டு அஸருக்குப் பாங்கு கேட்குமுன் புறப்பட்டார். உடைந்த பிளாஞ்சின் துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன்.